விரிப்பின் மறுமுனை

அலமாரியின் மேல்தட்டில் அடுக்கியிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளில் மூன்றாவது, அளவுக்கு மீறி ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

காரணம் அவள் தொழில். ஒரு பெரிய விடுதியின் துணி அறையில் பதினோரு வருடமாக மேற்பார்வையாளர். கறை என்றால் அவளுக்கு ஜென்மப் பகை, சுருக்கம் என்றால் பங்காளிச் சண்டை. இரட்டைக் கட்டில் விரிப்பைத் தனியாக ஒருவர் மடித்தால், தாடையில் ஒரு முனையை இடுக்கி, நாற்காலி முதுகில் இன்னொரு முனையைப் போட்டு என்ன சர்க்கஸ் செய்தாலும் ஒரு விரல் அகலமாவது பிசகும் என்று அவளுக்குத் தெரியும். ஓரத்தோடு ஓரம் ஒட்டி வைத்தது போல நிற்க இரண்டு பேர் வேண்டும். இந்த வீட்டில் இருப்பதே அவளும் கணவனும்தான். அவள் மடிக்கவில்லை.

உருவி எடுத்து முகர்ந்தாள். அந்துருண்டை நெடிக்கும், வெயிலில் காய்ந்த பருத்தி மணத்துக்கும் அடியில், துவட்டாத தலைமுடியின் வாசனை ஒன்று வந்தது. நான்கு மூலைகளிலும் விரல்கள் கிள்ளிப் பிடித்த சுருக்கம் இருந்தது. இரண்டு மூலைகள் மொரமொரவென்று காய்ந்திருந்தன. மற்ற இரண்டும் ஈரம்.

அச்சகத்தில் இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவனிடம் கேட்டாள்.

"இத யாரு மடிச்சது?"

"நான்தான். ஏன்?"

"தனியாவா?"

"எனக்கென்ன கை இல்லையா?" என்று சிரித்தான். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சிரித்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று நினைத்தாள். பகலெல்லாம் அவன் வீட்டில், அவள் வேலையில். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. அவனுக்கு இது இரண்டாவது. முதல் மனைவி, ஈரத்தலையோடு மாடியில் நின்று காய்ச்சல் வந்து போய் மூன்று வருடம். அவளுடைய துணிமணி, படம் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டானாம். மிச்சம் இருந்தவை இந்த விரிப்புகளும், மொட்டை மாடியில் அந்த முதல் மனைவி தன் உயரத்துக்குக் கட்டிய கொடியும்தான். ஒவ்வொரு முறையும் இவள் நெற்றியில் இடிக்கும். உயர்த்திக் கட்டச் சொன்னால் நாளைக்கு என்பான்.

மறுநாள் விரிப்பைப் பையில் போட்டு வேலைக்கே கொண்டுபோனாள். இஸ்திரிக்கார அக்கா அதைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"தனி ஆளா இப்படி மடிக்க முடியுமாக்கா?"

"பைத்தியமா உனக்கு? ரெண்டு பேரு மடிச்சது. இந்தப் பக்க மூலையில சுருக்கம் கீழ இழுத்திருக்கு பாரு. எதிர்ல நின்ன ஆளு குள்ளம்." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல யாருடி?"

அவள் விரிப்பை வாங்கிப் பைக்குள் திணித்தாள். முப்பத்தெட்டு வயதில், இனி எதுவும் இல்லை என்று இருந்தவளுக்குக் கிடைத்த வீடு இது. அதை எவளோ ஒரு குள்ளச்சியிடம் விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

வியாழக்கிழமை காலை எல்லா விரிப்புகளையும் துவைத்துக் காயப்போட்டாள். வேலைக்குப் போவதாகச் சொல்லிக் கதவை அடைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கடைசி விரிப்புக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கையும் களவுமாகப் பிடிப்பதுதான் திட்டம்.

வெயில் ஏறியது. சோப்பு மணம் கிறுகிறுக்க வைத்தது. காற்றில் விரிப்புகள் உப்பி உப்பி அடங்கின. தரையின் சூடு பாதத்தைச் சுட்டது. ஒரு மணி நேரம் கழித்து மாடிக் கதவு கிறீச்சிட்டது.

கணவனின் குரல் கேட்டது. எட்டு மாதத்தில் அவள் ஒரு தடவைகூடக் கேட்டிராத மெல்லிய குரல்.

"பாத்து, தரையில படப்போகுது. நல்லா இழுத்துப் பிடி."

இரண்டு விரிப்புகளின் இடைவெளியில் அவன் மட்டும் தெரிந்தான். கைகளை அகல விரித்து, இரண்டு மூலைகளையும் பிடித்து, பின்னால் சாய்ந்து நின்றான். துணி விறைத்து நின்றது. மறுமுனையை வேறொரு விரிப்பு மறைத்தது. கழுத்தை நீட்டினாள்.

மறுமுனையில் யாரும் இல்லை.

இரண்டு மூலைகள் மட்டும், குள்ளமான ஒருவரின் தோளுயரத்தில், கிள்ளிப் பிடித்தது போலக் குவிந்து நின்றன. கீழே, கொதிக்கும் தரையில், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். சொட்டுகள் அவனை நோக்கி நகர்ந்தன. அவனும் முன்னால் வந்தான். மூலையோடு மூலை சேர்ந்தது. விரிப்பு சதுரமானது.

"இன்னும் ஒண்ணுதான்," என்றான் அவன், மடித்ததை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்தபடி. "அந்தக் கடைசி ஒண்ணையும் எடுத்துட்டு வா."

அவள் ஒளிந்திருந்த விரிப்பு.

ஈரப் பாதத்தடம் ஒன்று தரையில் விழுந்தது. சின்னப் பாதம். வெயிலில் உடனே காய்ந்தது. அடுத்தது இன்னும் பக்கத்தில். தலைமுடி வாசனை.

முதல் கிளிப் கழன்றது.

இரண்டாவது.

கால் மரத்துப்போயிருந்தது. எழுந்தாள். கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

மூன்றாவது.

விரிப்பு இறங்கியது. கணவன் அவளைப் பார்த்தான். திடுக்கிடவில்லை. பெரிய பாரம் இறங்கியவன் போல முகம் மலர்ந்தான்.

"நீயும் வந்துட்டியா? நல்லதாப் போச்சு. ரெண்டு பேருமா மடிச்சிடுங்க."

இரண்டு மூலைகள் அவள் உள்ளங்கைகளில் வைக்கப்பட்டன. எதிர்ப்பக்கம் துணி விறைத்தது. ஒரு இழுப்பு. எதிராள் இழுத்தால் நீயும் இழு, நடந்தால் நீயும் நட: பதினோரு வருடமாகப் புது ஆட்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்த பாடம். அவள் கைகள் இழுத்தன. தாமாகவே.

தரையில் சொட்டுகள் அவளை நோக்கி வந்தன. அவள் கால்களும் நடந்தன. ஒரு அடி. இன்னொரு அடி.

ஓரத்தோடு ஓரம் துல்லியமாகச் சேர்ந்தது. மூலைகளை வாங்கிக்கொள்ள, பத்து ஈர விரல்கள் அவள் விரல்களின் மேல் படிந்தன.