லாரியின் தொண்டை

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது, கார்புரேட்டரின் வாயில் அடைத்து வைத்திருந்த துணியைக் காணவில்லை.

நல்லதம்பி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரியமங்கலத்து மதியக் காற்றுக்குப் பட்டறையின் தகரக் கூரையே படபடக்கும். ஒரு துண்டு பனியன் துணி எங்கே பறந்தால் என்ன? ஆனால் அது மேஜைக்கு அடியிலும் இல்லை, லாரிக்கு அடியிலும் இல்லை. தூசி போகாமலிருக்கக் கட்டைவிரலால் குத்தித் திணித்த துணி அவ்வளவு லேசில் வெளியே வராது. கார்புரேட்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தான். நடுவில் குறுகிப்போன சாம்பல் நிறத் தொண்டை, அதன் அடியில் இறுக மூடிய வட்டத் தகடு. அந்தத் தகட்டைத் தாண்டி ஒரு நூல்கூடப் போக வழியில்லை. முகத்துக்கு அவ்வளவு அருகில் பிடித்திருந்தும் பெட்ரோல் வாடை வரவில்லை. தான் விட்ட மூச்சு மட்டும் கலையாமல் நேராக அதற்குள் போவதுபோல அவனுக்குத் தோன்றியது.

மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

லாரி ஸ்ரீரங்கத்து லக்ஷ்மிகாந்துடையது. பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா அரிசி மண்டிக்கு ஓட்டிய பெட்ரோல் லாரி அது. விற்றுப்போய், கை மாறி, முசிறிப் பக்கம் ஒரு கொட்டகையில் கோழிகள் அடையக் கிடந்ததைத் தேடிப் பிடித்து இழுத்து வந்திருந்தார். "ஒரே ஒரு தடவை இதை ஓட்டிண்டு காவேரிப் பாலத்தைத் தாண்டிடணும் நல்லதம்பி. அப்புறம் இது நின்னாலும் சரி, நான் நின்னாலும் சரி" என்பார்.

பிரேக், டயர், ஒயரிங் எல்லாம் முடிந்துவிட்டது. என்ஜினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஊட்டும் கார்புரேட்டர்தான் படுத்தியது. பழையதன் அடிப்பாகம் விரிசல் விட்டுக் காற்றுக் கசிந்தது. பாலக்கரையில் வாங்கிய புதியதற்குப் போல்ட் ஓட்டைகள் பொருந்தவில்லை. இடையில் தகடு வெட்டி வைத்தால் பானெட் இடித்தது. ஜீப்பிலிருந்து கழற்றிய இன்னொன்று பொருந்தியது, ஆனால் தொண்டை சின்னது. மேட்டில் ஏறும்போது என்ஜின் இருமி இருமி நின்றது.

மாற்றாகக் கிடைத்ததில் மூன்றாவதுதான் இது. பஸீலாவின் பழைய இரும்புக் கடையில், மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அளவு, ஓட்டை, லிவர் இருக்கும் பக்கம் எல்லாம் அச்சு அசலாக அந்த லாரிக்கே செய்தது போல.

"அது வேணாண்ணே" என்றாள் பஸீலா. "வேற வரும், பாக்கலாம்."

"ஏம்மா? இதேதான் எனக்கு வேணும்."

"அத்தா இருந்த வரைக்கும் அதைக் கவுத்துத்தான் வெப்பாங்க. வாய் மேல பாத்து இருக்கக் கூடாதும்பாங்க. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க."

"தண்ணி இறங்கிடும்னு உங்கப்பா கவுத்து வெச்சிருப்பாரு."

அவள் சிரிக்கவில்லை. சணல் பையில் கவிழ்த்தே போட்டுக் கொடுத்தாள்.

துணி காணாமல் போன அன்றே கார்புரேட்டரை மாட்டினான். அடியில் பாக்கிங் அட்டை வெட்டி வைத்து, மேலே உட்கார வைத்து, இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றி முடுக்கினான். பெட்ரோல் குழாயை இணைத்தான். ஸ்டார்ட் செய்யும்போது காற்றை அடைக்கும் சோக்குக்கு ஒயர் கிடைக்கவில்லை. பழைய வண்டிகளில் அது ஒரு பிரச்சினையே இல்லை. ஒருவர் உள்ளங்கையால் கார்புரேட்டர் வாயை மூட, மற்றவர் ஸ்டார்ட்டரை அழுத்தினால் போதும். எப்போதும் அவன் கையால் மூடுவான், மனைவி மகாலட்சுமி வண்டிக்குள் ஏறிப் பொத்தானை அழுத்துவாள். கல்யாணமான புதிதில் பழகியது, இன்றுவரை மாறவில்லை.

"ஸ்டார்ட் அடி" என்றான்.

முதல் சுற்றிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. அத்தனை மாதமாக இருமியும் தும்மியும் கிடந்த வண்டி, குழந்தை தூங்குவது போல ஒரே சீராக ஓடியது. மகாலட்சுமி ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. கையை எடுக்கப் பார்த்தான். கை வரவில்லை. காற்று இழுக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் இந்த இழுப்பு ஈரமாக இருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது, உள்ளங்கையின் சதையை நடுவில் குவித்து மெல்லச் சுவைப்பது போலிருந்தது. "நிறுத்து!" என்று கத்தினான். அவள் நிறுத்தினாள். என்ஜின் நின்றது.

இழுப்பு நிற்கவில்லை.

பிடுங்கி எடுத்தபோது உள்ளங்கையில் வட்டமாக ஒரு சிவப்புத் தடம். நின்றுபோன என்ஜினுக்குள், மிக ஆழத்தில், உஸ்ஸென்று ஓர் ஓசை கொஞ்ச நேரம் போய்க்கொண்டே இருந்து, பின் அடங்கியது.

"என்னங்க, சுட்டுருச்சா?"

"ம்" என்றான். வேறு என்ன சொல்வது? முப்பது வருஷம் என்ஜினோடு கிடந்தவன், இரும்பு தன்னைச் சப்பியது என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் பட்டறைப் பூனை சோற்றுக்கு வரவில்லை. சூடான என்ஜின்மேல் படுத்துத் தூங்குவது அதன் வழக்கம். மகாலட்சுமி கிண்ணத்தைத் தட்டித் தட்டி லேத்துப் பட்டறை வரை போய்க் கூப்பிட்டுவிட்டு வந்தாள். நல்லதம்பி பானெட்டைத் தூக்கினான். காற்று வடிகட்டியை இன்னும் மாட்டவில்லை. கார்புரேட்டரின் வாய் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. விளிம்பில் ஒரு மீசை முடி ஒட்டியிருந்தது. வெள்ளையாக, நீளமாக. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நிமிர்ந்தது. சாய்ந்தது. உள்ளே போயிற்று.

வெளியே வானம் இருண்டு முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. மகாலட்சுமி பட்டறையை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து காபி வேண்டுமா என்று கேட்டாள். அவன் ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்தான்.

கழற்றிவிட வேண்டியதுதான். கழற்றி, கவிழ்த்து, பையில் போட்டு, பஸீலாவிடம்கூட இல்லை, நேராக ஆற்றில்.

முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ஸ்பானரை நீட்டி முதல் நட்டைச் சுழற்றினான். வந்தது. இரண்டாவதும் வந்தது. பெட்ரோல் குழாயையும் கழற்றினான். இனி அதைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. பக்கவாட்டில் தட்டினான். அசையவில்லை. ஸ்க்ரூடிரைவரைச் சந்தில் விட்டு நெம்பினான். அசையவில்லை. அடியில் இருந்த பாக்கிங் மட்டும், உதடு இறுகுவதுபோல, இன்னும் கொஞ்சம் உள்ளே அழுந்தியது.

கடப்பாறை வேண்டும். லேத்துப் பட்டறை ஜூடிடம் இருக்கும். மழையில் ஓடினான்.

ஜூட் கடப்பாறையைத் தேடி எடுப்பதற்குள் மழை வலுத்துவிட்டது. "ஏண்ணே, இந்த மழையில கடப்பாறை எதுக்கு?" என்று கேட்டான். நல்லதம்பி பதில் சொல்லுமுன் அந்தச் சத்தம் கேட்டது. மழைக்கும் மேலாக, ஸ்டார்ட்டர் சுற்றும் சத்தம்.

ஓடினான். பட்டறை வாசலில் லக்ஷ்மிகாந்தின் குடை விரித்தபடி கிடந்தது. அவர் லாரிக்குள் உட்கார்ந்திருந்தார். தூக்கிய பானெட் கண்ணாடியை முழுக்க மறைத்திருந்தது. என்ஜின் முன்னால், பலகைமேல் ஏறி நின்று, மகாலட்சுமி உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்க போனதுமே சார் வந்துட்டாருங்க. நீங்க இல்லைன்னா என்ன, நாம ஸ்டார்ட் அடிச்சுப் பாக்கலாம்னு..."

"கையை எடு!"

என்ஜின் பிடித்துக்கொண்டது. குழாய் இல்லை, பெட்ரோல் இல்லை, நட்டு அவன் சட்டைப்பையில். என்ஜின் ஓடியது.

"என்னங்க" என்றாள். குரலில் முதலில் வெறும் ஆச்சரியம்தான். "என்னங்க, இது விட மாட்டேங்குது."

வளையல்கள் விளிம்பில் தட்டின. ஒன்று உடைந்தது. இன்னொன்று.

"நிறுத்துங்க சார்! நிறுத்துங்க!" என்று அலறினான். உள்ளே லக்ஷ்மிகாந்துக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவள் கை போனது. மணிக்கட்டு. முழங்கை. நாலு விரல் அகலம்கூட இல்லாத வாய். ரத்தம் இல்லை. ஒரு சொட்டும் இல்லை. அவள் கத்தவில்லை, கத்துவதற்கு மூச்சை இழுத்தாள், அந்த மூச்சும் அங்கேதான் போயிற்று.

இடுப்பைக் கட்டிக்கொண்டான். காலை லாரியில் உதைத்து இழுத்தான். அவளுடைய சூடு. அவளுடைய நடுக்கம். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான்.

மல்லாக்க விழுந்தான்.

கையில் எதுவும் இல்லை.

கதவு திறந்தது. லக்ஷ்மிகாந்த் இறங்கி வந்தார். கண்ணெல்லாம் நீர். "கேட்டேளா நல்லதம்பி! என்னமா பாடறது! அப்பா காலத்துலகூட இப்படி ஓடினதில்லை." தரையில் கிடந்தவனைப் பார்த்து, அவனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கை கொடுத்து உட்கார வைத்தார். அவன் வாயைத் திறந்தான். காற்றுகூட வரவில்லை. "உங்க ஆத்துக்காரி எங்கே? உள்ள போயிட்டாளா? நல்ல கைராசி. நாளைக்கு வந்து பேசிக்கறேன், இப்பவே பாலத்தைத் தாண்டிடறேன்." பானெட்டை அவரே இறக்கி மூடினார். தாழ்ப்பாள் போட்டார்.

லாரி பின்னால் நகர்ந்து தெருவுக்கு இறங்கியது. நல்லதம்பி எழுந்து, விழுந்து, மழையில் பின்னாலேயே ஓடினான். சைலன்சரில் புகை இல்லை. வெதுவெதுப்பான காற்று மட்டும் அவன் முகத்தில் பட்டது. தஞ்சாவூர் ரோட்டில் பஸ்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே வண்டி ஏறியது. லக்ஷ்மிகாந்த் கியரை மாற்றினார். ஆக்சிலேட்டரை அழுத்தினார்.

"என்னங்க" என்றது சைலன்சர்.

அழுத்தினார்.

"என்னங்க. என்னங்க. என்னங்க."