நூற்றிருபத்தைந்தில் அறுபத்தொன்று

கடல் ஏறாத காலைகளில் சகாயராணி அலுவலகத்துக்கு நடந்தே போவாள். ஏறிய காலைகளில் தெருமுனைக்கு வாரியத்தின் தோணி வரும். அன்று தோணி வந்தது. தூத்துக்குடியின் பழைய துணிக்கடை ஒன்றின் மூன்றாம் மாடியில் இடப்பெயர்வு வாரியம் இயங்கியது. கீழே இரண்டு மாடிகளிலும் தண்ணீர் வந்து போய்க்கொண்டிருந்ததால் படியெல்லாம் பாசி. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி, தன் மேசையைத் துடைத்து, எவர்சில்வர் தூக்கில் ஐந்து பாட்டில் மூடிகளைப் போட்டாள். ஒன்று நீலம், நான்கு வெள்ளை.

அவள் பதவிக்குப் பெயர் விளக்குநர். ஆண்டுக்கு ஒருமுறை மேல்நகருக்குப் போகக் குலுக்கல் நடக்கும். மலைமேல் அந்த நகரில் குளிர்ந்த காற்றும் நல்ல தண்ணீரும் இருந்தன. மலைக்கும் கரைக்கும் நடுவில் கிடந்த வெயில் நிலத்தில் அரை நாள் நடந்தவர்கள் யாரும் பிழைத்ததில்லை. வாரியத்தின் குளிர்வண்டியில்தான் கடக்க முடியும். கைக்குழந்தை உட்பட ஆளுக்கொரு சீட்டு. ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. சீட்டைப் போடுமுன், நிகழ்தகவு என்றால் என்னவென்று ஒவ்வொரு குடும்பமும் புரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். மேசைமேல் இருந்த செவிப்பெட்டி பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கும். விளக்குநர் தவறாக ஒன்று சொன்னால் அதன் பச்சை விளக்கு சிவக்கும், கையெழுத்து செல்லாது.

முதலில் வந்தவர் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் மிக்கேல். கூடவே மனைவி அமலி.

"ஆறு வருசமா போடுதோம், ஒரு தடவைகூட விழல. அப்ப இந்த வருசம் விழுந்துதான ஆவணும்?" என்றார் மிக்கேல்.

சகாயராணி தூக்கை நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்தார். வெள்ளை. மறுபடி போடச் சொன்னாள், மறுபடி எடுக்கச் சொன்னாள். ஆறு முறையும் வெள்ளை.

"இப்ப உள்ள எத்தன மூடி கிடக்கு அண்ணாச்சி?"

"அஞ்சு."

"நீலம்?"

"ஒண்ணு." அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் தொங்கிப்போயிற்று.

பிறகு இணைச்சீட்டையும் தனிச்சீட்டையும் பற்றிச் சொன்னாள். குடும்பம் முழுவதும் ஒரே சீட்டாகப் போடலாம். விழுந்தால் எல்லோரும் போகலாம், விழாவிட்டால் யாரும் போக முடியாது. இல்லையென்றால் ஆளுக்குத் தனியாகப் போடலாம். ஒருவருக்கு விழுவதற்கும் மற்றவருக்கு விழுவதற்கும் தொடர்பு இருக்காது. சார்பிலா நிகழ்ச்சிகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள்.

அமலி மேசைப் பக்கம் நகர்ந்தாள். "எனக்கு விழுந்தா எம் மவனுக்குக் குடுக்கலாமா?"

"குடுக்கலாம். விட்டுக்கொடுப்புன்னு ஒரு படிவம் இருக்கு."

"எது நல்லதுன்னு நீங்க சொல்லுங்க."

"அத நான் சொல்லக் கூடாதும்மா. கணக்கு மட்டும்தான் சொல்லலாம்."

கணக்கைச் சொன்னாள். அவர்கள் தனிச்சீட்டு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அன்று முப்பத்தோரு குடும்பங்கள் வந்தன. கூட வேலைபார்த்த இரு விளக்குநர்களும் வேலையை விட்டுவிட்டதால் எல்லோருக்கும் அவளே சொன்னாள். மேல்நகர் நிரம்பிவிட்டது, இதுதான் கடைசிக் குலுக்கல் என்ற அறிவிப்பு அவள் தலைக்கு மேலே ஒட்டியிருந்தது. சித்திரை முடிவோடு உப்புநீக்கி ஆலையை மூடிவிடுவார்கள் என்பதும் அதில் இருந்தது. அதற்குப் பிறகு ஊரில் குடிதண்ணீர் இல்லை.

அந்த ஆலையில்தான் அவள் கணவன் செலஸ்டின் வேலை செய்தான். சாயங்காலம் மகள் ஜெனிஷா மாடியில் துணி எடுக்கப் போன நேரம் பார்த்து அவன் பேச்சைத் தொடங்கினான். ஜெனிஷாவுக்குப் பதினான்கு வயது.

"இணைச்சீட்டே போடுவோம் ராணி. போனா மூணு பேரும் போவோம். இல்லன்னா மூணு பேரும் இங்கன கிடப்போம்."

"அதுல அவளுக்கு அஞ்சுல ஒண்ணுதான்."

"தனியாப் போட்டாலும் அவளுக்கு அஞ்சுல ஒண்ணுதான? நீதான சொல்லுவ?"

"அவ சீட்டுக்கு அவ்வளவுதான். நம்ம சீட்டையும் அவளுக்குன்னு வச்சுக் கணக்குப் போடுங்க." அரிசி களைந்த கையோடு மாவு படிந்த பலகையில் விரலால் எழுதிக் காட்டினாள். ஒரு சீட்டு விழாமல் போக ஐந்தில் நான்கு. மூன்று சீட்டும் விழாமல் போக, நான்கை மும்முறை பெருக்கினால் அறுபத்து நான்கு, ஐந்தை மும்முறை பெருக்கினால் நூற்றிருபத்தைந்து. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால், மூன்றில் ஒன்றாவது விழ நூற்றிருபத்தைந்தில் அறுபத்தொன்று. "கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி."

செலஸ்டின் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாதிக்குப் பாதி தனியாப் போறதுக்கா?"

"உயிரோட போறதுக்கு."

"மூணு பேரும் சேந்து போவ எவ்வளவு? அதையும் சொல்லு."

"நூத்தி இருபத்தஞ்சுல ஒண்ணு."

அவன் எழுந்து கைகழுவப் போனான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "உன் இஷ்டம்" என்றான். பலகையை அவளே அழித்தாள். மகளிடம், எல்லோரும் தனிச்சீட்டுதான் போடுகிறார்கள், நாமும் போடுவோம் என்று மட்டும் சொன்னார்கள்.

குலுக்கல் முடிவு ஒரு புதன்கிழமை காலை வந்தது. செலஸ்டினுக்கு விழுந்திருந்தது. மற்ற இரண்டும் விழவில்லை. அவன் அன்றே விட்டுக்கொடுப்புப் படிவத்தை வாங்கி வந்துவிட்டான். ஆனால் பெறுபவரும் விளக்குநர் முன்பு கையெழுத்திட வேண்டும். ஊரில் இருந்த விளக்குநர் ஒருத்திதான். ஆகவே மறுநாள் ஜெனிஷா பாசிபடிந்த படியேறி வந்து, அம்மாவுக்கு எதிரே, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"முதல்லயே பேசி வச்சுட்டீங்க, இல்ல?"

"ஆமா."

"நான் அங்க போன பிறகு உங்க ரெண்டு பேரையும் திரும்பப் பாக்கதுக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கு?"

சகாயராணி செவிப்பெட்டியைப் பார்த்தாள். நூற்றில் ஒன்று என்று சொல்லக்கூட வழியில்லை. வண்டி இனிக் கீழே வராது. மேல்நகரிலிருந்து யாரும் இறங்க முடியாது.

"பூச்சியம்" என்றாள்.

விளக்கு பச்சையாகவே இருந்தது.

"நான் போவாம இங்கனயே இருந்தா? நீங்க பொழைப்பியளா?"

"இல்லம்மா."

"நான் கூட இருந்தா கொஞ்சமாவது..."

"நீ போறதுக்கும் எங்களுக்கு நடக்கப் போறதுக்கும் சம்பந்தமே இல்ல, ஜெனி. நீ போனாலும் அதுதான், இருந்தாலும் அதுதான். உன்னால எதுவும் கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

அந்த வேலையில் சேர்ந்த பதினோரு வருடங்களில் சார்பிலா நிகழ்ச்சிகளுக்கு அவள் எத்தனையோ உதாரணங்கள் சொல்லியிருந்தாள். மழையும் நாணயமும், ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும். இப்படி ஓர் உதாரணத்தை வாயால் சொல்லும்போது பெட்டி எங்காவது அவளைப் பொய்க்காரி என்று பிடித்துவிடாதா என்றிருந்தது. பிடிக்கவில்லை. ஜெனிஷா அழவில்லை. பேனாவை வாங்கி, பெயரை முழுதாக எழுதி, தேதியும் போட்டாள்.

"புரிஞ்சுதான் போட்டேன்" என்றாள். சட்டப்படி சொல்ல வேண்டிய வாக்கியம்தான். அவள் சொன்ன விதத்தில் சகாயராணியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

குளிர்வண்டிகள் ஞாயிறு காலை வந்தன. மேடான சாலையில் ஒன்பது வண்டிகள் வரிசையாக நின்றன. செலஸ்டின் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். சகாயராணி மகளின் கையைப் பிடித்திருந்தாள். வழியில் அமலியைப் பார்த்தாள். அவளும் ஒன்பது வயது மகனின் கையைப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த குடும்பத்தில் ஒரு சிறுமி மட்டும் புதுச் செருப்பு போட்டிருந்தாள். அதற்குப் பின்னால் ஒரு தகப்பன் தோளில் மூன்று வயதுக் குழந்தை.

வண்டிக்குள் பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்த வாரியப் பெண் வாசலுக்கு வந்து நின்றாள். மேல்நகரிலிருந்து வந்தவள். இளம்பெண்.

"பெரியவங்க யாரு வர்றீங்க? முதல்ல ஏறுங்க" என்றாள்.

யாரும் அசையவில்லை.

"ஐம்பது பேரு இருக்காங்க இந்த வண்டிப் பட்டியல்ல. எல்லாருமே பிள்ளைங்களா? ஒருத்தர்கூடவா இல்ல?" அடுத்த வண்டியின் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டாள். அங்கும் அப்படித்தான் என்றான். "அங்க போயி இவங்கள யாரு பாத்துக்குவாங்க? ஆளுக்கொரு வீடுதான் குடுப்பாங்க. சமைச்சுப் போட, காய்ச்சல் வந்தா பாக்க..." சொல்லிக்கொண்டே வந்தவள் கூட்டத்தின் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சகாயராணி அந்த முகங்களை எண்ணினாள். ஒவ்வொருவரும் அவள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து மூடி எடுத்தவர்கள். பிள்ளை இல்லாதவர்களும், ஒன்றுக்கு மேல் விழுந்த வீட்டாரும்கூடத் தங்கள் சீட்டை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கே விட்டுக்கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அவள் போட்டுக் கொடுத்த கணக்கு சரி. எந்த வீட்டிலும் ஒரு தப்பில்லை. எல்லா வீட்டையும் சேர்த்து ஒருதடவை கூட்டிப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. யாரும் அப்படிக் கேட்கவும் இல்லை.

தோளில் குழந்தையோடு நின்றவர் வாசலில் திகைத்துப் போயிருந்தார். அவர் ஏற முடியாது. குழந்தை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீரிட்டது.

"இங்க குடுங்க" என்றாள் ஜெனிஷா. அம்மாவின் கையை விட்டாள். குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்து, படியேறி, ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் இருத்திக்கொண்டாள். அது அவள் சட்டையைப் பிடித்து இழுத்து அழுதது. ஜெனிஷா குனிந்து அதன் மூக்கைத் துடைத்துவிட்டு, காதில் ஏதோ சொல்லத் தொடங்கினாள். வண்டி புறப்பட்டபோதும் அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.