கட்டிலுக்கு அடியில் ஐந்து மூட்டை

எங்கள் வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் அபிராமி.

பால் பாக்கெட் எடை குறைந்த மாதிரி தெரிந்தால் கேட்பேன். அப்பா ஓட்டும் கம்பெனி வேன் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் கேட்பேன். கேட்டால் என்ன தப்பு? உலகத்தில் பாதிப் பேர் எதையாவது மறைத்துக்கொண்டுதான் நடமாடுகிறார்கள். அதில் முதல் ஆள் என் சித்தி.

சித்தி பெயர் சித்ரகலா. அம்மாவின் தங்கை, வயது இருபத்திரண்டு. விருதுநகர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து வந்து, ஆறு மாதமாகத் திருப்பூரில் எங்களோடு தங்கியிருக்கிறாள். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் தைக்கிறாள்; சித்திக்கு இன்னொரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று தேட வேண்டும். நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பவள், வீட்டுக்கு வந்தால் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

தினமும் காலை ஐந்தரை மணிக்குச் சித்தி உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அரை மணி நேரம் திறக்க மாட்டாள். உள்ளேயிருந்து "உஸ்ஸ்... உஸ்ஸ்..." என்று சத்தம் மட்டும் வரும். ஒருநாள் கதவில் காதை வைத்து நாற்பது 'உஸ்' வரை எண்ணினேன். வெளியே வந்ததும் என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"சும்மா ஆத்தா" என்றாள்.

சும்மா என்று சொல்பவர்களை நான் நம்புவதே இல்லை.

அதோடு போயிற்றா? சித்திரை வெயிலில் எல்லோரும் வேர்த்து ஒழுகும்போது, சித்தி மட்டும் தொளதொள சுடிதாரும் முதுகு முழுக்கத் துப்பட்டாவுமாக இருப்பாள். பின்னாலிருந்து ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தால் சட்டென்று திரும்பிக்கொள்வாள். அம்மாவிடம் கேட்டால், "ஒனக்கு வேற வேலையே இல்லையா?" என்பாள். அம்மாவுக்கும் இதில் பங்கு உண்டு என்று அப்போதே எனக்குப் பட்டது.

சனிக்கிழமை மத்தியானம் என் பந்து சித்தியின் கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. எடுக்கக் குனிந்தபோதுதான் அவற்றைப் பார்த்தேன். ஐந்து துணி மூட்டைகள். ஒவ்வொன்றும் செங்கல் அளவு இருந்தது. நன்றாகத் திணித்து நான்கு பக்கமும் தைத்திருந்தார்கள். மேலே இருந்தது பனியன் துணி. கருநீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு.

அன்று சாயங்காலம் குழாயடிக்குப் போனேன். அங்கே மருதாள் அக்கா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் லைன் வீட்டு வரிசையில் முதல் வீடு அவருடையது. சித்தி வேலை செய்யும் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். கருநீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட பனியன் ஒரு பண்டல் மூன்று நாளாகக் காணவில்லை என்றும், கேட்டில் எல்லோருடைய பையையும் சோதிக்கிறார்கள் என்றும் பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டா திறக்கிறது?

"எங்க சித்தி கட்டிலுக்கு அடியில அந்தத் துணியில மூட்டை இருக்குதுங்க்கா" என்றேன்.

மருதாள் அக்காவின் குடம் நிரம்பி வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை.

"எத்தன மூட்டை கண்ணு?"

"அஞ்சுங்க்கா."

அவர் குழாயை மூடிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பெரிய துப்பு கொடுத்துவிட்ட பெருமையோடு நானும் நடந்தேன். பத்தடி போனதும் நின்றுவிட்டேன். சித்தியின் வேலை போய்விட்டால்? போலீஸ் வந்துவிட்டால்? மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லையே.

வீட்டுக்கு ஓடினேன். நூல் வெட்டச் சித்தி வைத்திருக்கும் ட்ரிம்மரை எடுத்து ஒரு மூட்டையின் தையலைப் பிரித்தேன். பொலபொலவென்று துணித் துண்டுகள் கொட்டின. எல்லாம் விரல் நீளம், விரல் அகலம். கட்டிங்கில் மிஞ்சும் வேஸ்ட். பனியனின் ஒரு முழுக் கைகூட அதில் இல்லை; மேல்துணியும் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்ததுதான்.

காணாமல் போன பனியன் இது இல்லை. அப்படியானால் இது என்ன? யோசிப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சித்தி வேலை முடிந்து, கடைக்கும் போய்விட்டு வந்துவிட்டாள்.

தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். என் கையிலிருந்த ட்ரிம்மரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. நானே எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடியில் உளறியதையும் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் சித்தி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மருதாள் அக்காட்டயா சொன்ன?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு கதவைச் சாத்தச் சொன்னாள்.

துப்பட்டாவை எடுத்து வைத்துவிட்டு, சுடிதாரை இழுத்துப் பிடித்து எனக்கு முதுகைக் காட்டினாள். வலது தோளுக்குக் கீழே எலும்பு மேடாக இருந்தது. இடுப்பு ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. பெட்டியிலிருந்து ஒரு எக்ஸ்ரே படத்தை எடுத்துக் காட்டினாள். நேராக இருக்க வேண்டிய முதுகெலும்பு, வளைந்து போகும் வாய்க்கால் மாதிரி இருந்தது.

இதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயராம். பதின்மூன்று வயதில் கண்டுபிடித்தார்களாம். வளர்ந்து முடியும்வரை, வளைவு கூடாமலிருக்க முதுகுக்குப் பெல்ட் போட்டிருந்தாளாம். இப்போது கோயம்புத்தூரில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்கிறாள். சொன்ன இடங்களில் மூட்டையை வைத்துப் படுத்து, உள்ளே போன பக்கம் நிறைய மூச்சை இழுத்து மெதுவாக விட வேண்டும். அந்த 'உஸ்' இதுதான்.

"பின்ன ஏன் மறைக்கிற?" என்று கேட்டேன்.

"ஊர்ல இருந்தப்ப, போன கம்பெனியில சொன்னேன்த்தா. வேல பாக்கலாம்னு டாக்டரு எழுதிக் குடுத்த சீட்டையும் காட்டுனேன். நீ இங்கன மயங்கி விழுந்தா யாரு பதில் சொல்றதுன்னு ஒரே வாரத்துல அனுப்பிட்டாக. அதான் இங்க வாயத் தொறக்கல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

சித்தி என் வாயைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூட்டை எதற்கு என்று சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் திருட்டுப் பட்டம். நான் ஒரே ஒரு வாக்கியத்தில் சித்தியை அப்படி மாட்டிவிட்டிருந்தேன். அம்மா வந்து விஷயம் கேட்டதும் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அதை நான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மருதாள் அக்கா எட்டு மணிக்கே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த டீயை வாங்கிக் கீழே வைத்தார்.

"அந்த மூட்டையக் கொஞ்சம் காட்டுங்க, பாத்துட்டுப் போயர்றேன்" என்றார்.

யாரும் நகரவில்லை. நானே கட்டிலுக்கு அடியில் நுழைந்து ஐந்தையும் இழுத்து வந்தேன். பிரித்த மூட்டையை அவர் முன்னால் கொட்டினேன்.

"நேத்து நான் பாக்காமச் சொல்லிட்டேனுங்க்கா. சொன்னது தப்பு. உள்ள வேஸ்ட்டுதான் இருக்கு."

அக்கா துண்டுகளைக் கிளறிப் பார்த்தார். துணியைத் தேய்த்துப் பார்த்தார். தங்கள் கம்பெனி ஆர்டர் துணி இந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று அம்மாவிடம் கேட்டார். அதே ஆர்டரில் பாதி தன் கம்பெனியில் ஓடுகிறது என்றும், அங்கே சொல்லிவிட்டுத்தான் வேஸ்ட் எடுத்து வந்ததாகவும் அம்மா சொன்னாள். மருதாள் அக்கா தலையாட்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அவரும் என்னைப் போல ஒரு சந்தேகப் பிராணி என்று அப்போதுதான் புரிந்தது.

"செரி, வேஸ்ட்டத் திணிச்சு எதுக்குக் கண்ணு தெச்சு வெச்சிருக்கீங்க?"

கேள்வி என்னைப் பார்த்து வந்தது. பதில் என் நாக்கு நுனியில் நின்றது. சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியுமுங்க்கா. ஆனா நான் சொல்ல மாட்டேன். அது எங்க சித்தி சொல்ல வேண்டியது."

அம்மாவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. என் பதினோரு வயதில் இப்படி நடந்ததே இல்லை. சித்தி எழுந்து போய் எக்ஸ்ரேயை எடுத்து வந்தாள்.

மருதாள் அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஆபரேஷன் வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும், வளைவு கூடவில்லை என்றும், வருடத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்தால் போதும் என்றும் சித்தி சொன்னாள். ஒரே இடத்தில் நின்றால் வலிக்கும், கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும் என்றாள். பயிற்சியை மட்டும் விடக் கூடாதாம்.

"அதுக்குத்தான் டேபிளுக்கு அடியில அட்டப்பெட்டி வெச்சு ஒரு கால மாத்தி மாத்தி ஏத்தி நிக்கறியா?" என்றார் அக்கா. "பெட்டிக்குள்ள பீஸ ஒளிச்சிருப்பியோன்னு நானும் ஒரு வாரமாப் பாக்கறேன்."

சித்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். வேலை என்னாகும் என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

அக்கா எக்ஸ்ரேயைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஆறு மாசத்துல நீ பாத்து அனுப்புன பீஸ் ஒண்ணுகூடத் திரும்பி வரல கண்ணு. எனக்கு அது போதும். அட்டப்பெட்டி நசுங்கிப்போகும், நாளைக்கே ஒரு பலகை போடச் சொல்றேன். ஒரு மணிக்கொருக்கா நடந்துட்டு வந்து நில்லு."

பிறகுதான் டீயைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது, ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அவரே வாசலில் நின்று செய்தி சொல்லிவிட்டுப் போனார். காணாமல் போன பண்டல் அயர்னிங் பிரிவில் வேறு நிறப் பண்டல்களுக்கு அடியில் கிடந்ததாம்.

நான் பிரித்த மூட்டையை நானே தைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். தைத்துக் கொடுத்தேன். சித்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் கோணல் என்று இரண்டு தரம் பிரிக்க வைத்தாள். மூன்றாவது தரம்தான் வாங்கிக்கொண்டாள்.

இப்போது ஐந்தரை மணிக்கு நானும் உள் அறையில் இருக்கிறேன். தன் முதுகைத் தானே பார்க்க யாராலும் முடியாது. தோள் சரிகிறதா, இடுப்பு நகர்கிறதா என்று பின்னாலிருந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். லேசில் எதையும் நம்பாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது என்று சித்தியே என்னைக் கூப்பிட்டாள்.

சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து நிற்பாள். மூச்சை இழுப்பாள். உள்ளே போன பக்கம் மெல்ல விரிந்து வெளியே வருவதை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"இப்பச் சரியா இருக்காத்தா?"

நான் ஒரு கண்ணை மூடி, குனிந்து, பக்கவாட்டில் போய் நன்றாகப் பார்ப்பேன்.

"சந்தேகமா இருக்கு சித்தி. இன்னொரு மூச்சு இழு."