ஏழாம் வாசல்

மத்தியானச் சாப்பாடு முடிந்து, பெய்யலாமா வேண்டாமா என்று மழை யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த மின்சார மணி சின்னதாக ஒருமுறை அடித்து ஓய்ந்தது. ஈரக்கையோடு ஓடிவந்த அமுதம் மணிக்குக் கீழே இருந்த மரப்பலகையைப் பார்த்தாள். பலகையில் வரிசையாக ஏழு சின்னக் கண்ணாடிக் கட்டங்கள். எந்தக் கதவு திறக்கிறதோ அதற்குரிய கட்டத்தில் வெள்ளைத் தகடு விழும். இப்போது விழுந்திருந்தது ஏழாவது.

அந்த வீட்டில் கதவுகள் ஆறுதான்.

செலியமேட்டில் அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததிலிருந்தே திருடர் பயம். சுவரில் கன்னம் வைத்து உள்ளே நுழைவார்கள். விடிவதற்குள் எல்லை தாண்டி இங்கிலீஷ்காரன் பக்கம் போய்விடுவார்கள். பிரெஞ்சுப் போலீசு வாய்க்கால் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதனால்தான் அமுதத்தின் புருஷன் கண்ணையன், புதுச்சேரியில் துரைமார் வீடுகளுக்கு மணி மாட்டும் மரியதாசை அழைத்துவந்தான். மின்சாரத்துக்குக் கண்ணாடி ஜாடிகளில் நவச்சாரத் தண்ணீர் ஊற்றி, அதிலிருந்து கம்பி இழுத்து, ஆறு கதவுகளுக்கும் பொருத்தினான் மரியதாஸ். அதோடு விடவில்லை. சுவர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனவன், கொல்லைப் பக்கம் பூட்டிக் கிடந்த ஓர் அறையையும் திறக்கச் சொன்னான்.

"திருடன் கதவுல வரமாட்டாங்கய்யா. இதோ பாருங்க, ஆள் உசரத்துக்குப் புதுசாப் பூசிக்கீது. கன்னக்கோலு வெச்சா மாவு மாதிரி உதுந்துடும்."

ஏன் புதுப்பூச்சு என்று அவன் கேட்கவில்லை. கண்ணையனும் சொல்லவில்லை. வெளியாளிடம் சொல்கிற விஷயமா அது? அந்தப் பூச்சின் குறுக்கே ஒரு மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டினான் மரியதாஸ். கம்பி இறுக்கமாக இருக்கும்வரை முனையிலுள்ள இரண்டு பித்தளை நாக்குகளும் விலகி நிற்கும். சுவர் அசைந்து கம்பி தளர்ந்தால் ஒன்றையொன்று தொடும், மணி அடிக்கும். கடைசியில் பலகையில் தெரு வாசல், கொல்லை வாசல் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே அழகாகப் பெயர் எழுதினான். கடைசிக் கட்டத்துக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல், ஏழாம் வாசல் என்று எழுதிவிட்டுப் போய்விட்டான்.

அமுதம் சாவியை எடுத்து அந்த அறையைத் திறந்தாள். மூடிக் கிடந்த அறையின் புழுக்கமும் சுண்ணாம்பு வாடையும் முகத்தில் அடித்தன. சுவர் காய்ந்திருந்தது. கம்பி வீணைத் தந்தி போல விறைப்பாக நின்றது. பூட்டிவிட்டுத் திரும்பினாள். அடுத்த அறையில் குழந்தைவேலின் தூளி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கால்மணி நேரம் கழித்து மணி இன்னொருமுறை அடித்தது.

சாயங்காலம் சங்கில் பால் எடுத்துப் புகட்டினால் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. பசியில்லாத முகம். வயிறு திம்மென்றிருந்தது.

அது அவள் பெற்ற பிள்ளை இல்லை. அக்கா செங்கமலத்தின் பிள்ளை. ஆனி மாதம் அதைப் பெற்றுப்போட்டுவிட்டு அக்கா கண்ணை மூடினாள். ஆவணியில் திருவந்திபுரம் கோயிலில், மேளம்கூட இல்லாமல், அக்கா புருஷனே அமுதத்துக்குத் தாலி கட்டினான். "பொழைக்க வெச்சிக் குடுடி, அது போதும்" என்று அம்மா சொல்லி அனுப்பினாள். அமுதம் அந்த வீட்டுக்கு வந்தது அதற்குத்தான்.

மறுநாள் மரியதாஸ் சைக்கிளில் வந்து பித்தளை நாக்குகளுக்கு நடுவிலிருந்து ஒரு பல்லி வாலை எடுத்துக் காட்டினான்.

"இதான் உங்க திருடன்."

"வாலை வுட்டுட்டுப் போய்க்கீறான். ஆளைப் புடிச்சிக் குடு, போலீசு கொம்மிசேர்கிட்ட இட்டுக்கினு போறேன்" என்றான் கண்ணையன்.

புளி போட்டு நாக்குகளைத் தேய்த்துவிட்டு மரியதாஸ் போனான். மத்தியானம் மணி அடித்தது. கால்மணி கழித்து இன்னொருமுறை. ஈரத்தில் ஆணி இளகியிருக்கும் என்று அடுத்தமுறை வந்து ஆணியை மாற்றினான். எலியாக இருக்கும் என்று கம்பியைத் தகரக் குழாய்க்குள் விட்டான். ஜாடித் தண்ணீரைக் கொட்டிப் புதிதாக ஊற்றினான். கம்பியையே மாற்றினான். ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டது என்றான். ஒவ்வொரு மத்தியானமும் இரண்டு முறை அடித்தது. கடைசியாக வந்தபோது அவன் சிரிக்கவில்லை.

"கம்பி தளந்தாதான் அடிக்கும். தளந்தது மறுபடி தானா இறுகாதுங்கய்யா. நான் பாத்ததில்ல."

மதகடிப்பட்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமையல்கார விருத்தாம்பாள் அன்றுதான் திரும்பியிருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாடி எழுதிக்கீது?"

அமுதம் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். கடைசிக் கட்டத்தைப் படித்து முடித்தபோது கிழவி சட்டென்று அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"படிக்காதடி." பிறகு கண்ணையன் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில் சொன்னாள்: "கெட்ட நட்சத்திரத்துல போனவளை வாசல் வழியா எடுக்கக்கூடாதுன்னுதானே சொவத்தை இடிச்சி எடுத்தோம். சுடுகாட்டுக்குப் போனவங்க திரும்பறதுக்குள்ள செங்கல்லு வெச்சிப் பூசினோம். வந்தா வழி தெரியக்கூடாதுன்னு. ஆறு மாசம் பூட்டி வெக்கச் சொன்ன அறைய அஞ்சாம் மாசமே தொறந்து, சொவத்துக்கு வாசல்னு பேரும் எழுதி வெச்சிட்டியேப்பா."

கண்ணையன் அருவாமனையை எடுத்து அந்த எழுத்தைச் சுரண்டினான். மரத்தூள் உதிர்ந்தது. மரியதாஸ் மணிக்குப் போகும் அந்த ஏழாவது கம்பியை அறுத்துவிடுகிறேன் என்று கத்தரியை எடுத்தான்.

"வேணாம் மாமா" என்றாள் அமுதம், கண்ணையனிடம். "வர்றதாவது தெரியட்டும்."

ஒருநாள் அவள் பிள்ளையைத் தூளியில் போடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். மணி அடிக்கத் தொடங்கியது. நிற்கவில்லை. ஒரு நாழிகைக்கு மேல் அடித்தது. பிள்ளை வில்லாக வளைந்து, அந்த அறைப் பக்கம் தலையைத் திருப்பி, நீலம் பாயும்வரை வீறிட்டது. அவள் தூளியில் கொண்டுபோய்ப் போட்டாள். மணி நின்றது. பிள்ளையும் அடங்கியது. பிறகு எடுத்துப் பார்த்தபோது அதன் உதட்டோரம் பால் வழிந்திருந்தது. முகர்ந்தாள். பசும்பால் வாசனை இல்லை. வெதுவெதுப்பான, இனித்த, பச்சை வாசனை.

அதற்கப்புறம் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. பிள்ளை சங்கைத் தொடவே மாட்டேன் என்றது. பட்டினி போட்டுக் கொல்ல அவளால் ஆகுமா? மத்தியானம் ஆனதும் தூளியில் போட்டுவிட்டு, அறை வாசற்படிக்கு வெளியே முதுகு காட்டி உட்காருவாள். முதல் மணி வந்ததற்கு. இரண்டாவது மணி போனதற்கு. இரண்டாவது கேட்டதும் உள்ளே ஓடிப் பிள்ளையை வாரிக்கொள்வாள். அக்காதானே, பால் கொடுத்துவிட்டுப் போகிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சொல்லும்போது பல் கிட்டும்.

கார்த்திகையில் பாகூர் ஏரி நிரம்பிச் சாலையில் தண்ணீர் ஏறியது. அமுதத்தையும் பிள்ளையையும் மறுநாள் தாய்வீட்டில் கொண்டுபோய் விடுவதென்று முடிவாகி, மேட்டு வழியாக வண்டி வருமா என்று கேட்டுவரக் கண்ணையன் காலையிலேயே போனான்.

"நாளைக்கு இந்நேரம் உங்கம்மா வூட்ல இருப்ப. இன்னும் ஒரு பொழுதுதான்" என்றான்.

அன்று மழை வானமே இடிந்ததுபோலப் பெய்தது. மத்தியானமே கூடத்தில் இருட்டு. விருத்தாம்பாள் அடுப்படியில் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள்.

முதல் மணி.

அமுதம் முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஓட்டில் மழை. அதற்கும் கீழே, உத்தரத்தில் தூளிக் கயிறு உரசும் சத்தம். கிர்ர். கிர்ர். பிள்ளை முழுங்கும் சத்தம். கால்மணி ஆனது. அரைமணி ஆனது. கயிறு நிற்கவில்லை. வண்டி ஏற்பாடு பற்றி இந்த வீட்டுக்குள் சத்தமாகப் பேசியிருக்கக் கூடாதோ என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

"அக்கா" என்றாள், திரும்பாமல். "நான் நல்லா பாத்துக்கறேங்க்கா."

கயிறு நின்றது.

இரண்டாவது மணி.

மூச்சை விட்டாள். எழுந்தாள். உள்ளே போனாள். தூளிக்குள் கை விட்டாள். துணி வெதுவெதுப்பாக இருந்தது. ஈரமாக இருந்தது. அடிவரை துழாவினாள்.

துணி மட்டும்தான்.

சாவி. பூட்டு. இரண்டுமுறை நழுவியது. கதவைத் தள்ளினாள். பூச்சில் ஒரு கீறல் இல்லை. கம்பி விறைப்பாக நின்றது. உள்ளே, செங்கல்லுக்குள்ளே, குழந்தைவேல் அழுதான்.

அவன் அழுகைதான். மூக்கடைத்த அந்தச் சின்ன விக்கல் அவளுக்குத் தெரியாதா?

"அத்தே, கடப்பாரை எடுத்தா."

அடுப்படியிலிருந்து விருத்தாம்பாள் கடப்பாரையோடு ஓடிவந்தாள். இருவரும் இடித்தார்கள். கம்பி தெறித்து அறுந்தது. கூடத்தில் மணி விடாமல் அடிக்க ஆரம்பித்தது. ஒன்றரைச் செங்கல் கனம். நகம் பெயர்ந்தது. மண் உதிர்ந்தது. கடைசிக் கல் வெளியே விழுந்தது. துவாரத்தின் வழியே கொல்லை தெரிந்தது. மழை. வாழைமரங்கள். யாரும் இல்லை.

அழுகை கொல்லையிலிருந்து வந்தது.

அமுதம் துவாரத்தில் நுழைந்து சேற்றில் குதித்தாள். அழுகை இப்போது அறைக்குள்ளிருந்து வந்தது. திரும்பி நுழைந்தாள். கொல்லையிலிருந்து. மறுபடி வெளியே. அறைக்குள்ளிருந்து. கூடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

விருத்தாம்பாள் கடப்பாரையைக் கீழே போட்டாள்.

கண்ணையன் வந்தபோது அமுதம் துவாரத்தின் நடுவில் நின்றிருந்தாள். ஒரு கால் அறையில். ஒரு கால் மழையில். இரண்டு கைகளையும் இரு பக்கமும் நீட்டியபடி. என்ன ஆயிற்று என்று கேட்டான். உதட்டில் விரல் வைக்கக்கூடக் கை ஒழியாதவளாக, தலையை மட்டும் அசைத்து, கேள் என்றாள்.

அழுகை நின்றிருந்தது. பிள்ளை முழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.