பக்கத்து அறை ஆள்

மாத்திரைத் தட்டோடு படியிறங்கி வந்தவள், வேன் ஓட்டுநர் இரண்டாம் அறைக் கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னண்ணா, அங்க என்ன பண்றீங்க?"

அவர் பதறவில்லை. தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடாதே என்பது போல உதட்டில் விரலை வைத்துச் சிரித்தார். "ஆள் வந்தாச்சும்மா. உள்ள மூச்சு கேக்குது."

"ஆமாண்ணா, வந்துட்டாரு." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அப்படிச் சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம். அந்த அறையில் ஆள் கிடையாது, என்றைக்கும் இருந்ததில்லை. மனிதனுக்குக் கோபம் எப்படிப் பொத்துக்கொண்டு வருகிறது, ஒரு மாத்திரை அதைக் கூட்டுமா குறைக்குமா என்று பார்க்கிற ஆராய்ச்சி அது. சோதனைக்கு வருகிறவர் மாத்திரையை விழுங்கிவிட்டு முதல் அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, பொத்தானைத் தட்டித் தட்டிப் புள்ளி சேர்க்க வேண்டும். திடீரென்று ஹெட்போனில் தகரத்தைக் கிழிப்பது போலச் சத்தம் வரும். சேர்த்த புள்ளி குறையும். பக்கத்து அறையில் இருப்பவர்தான் அதைச் செய்கிறார் என்று அவள் முன்கூட்டியே சொல்லிவைப்பாள். பதிலுக்குச் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் அதே சத்தம் அவர் காதுக்குப் போகும். இவருக்குக் கொஞ்ச நேரம் தொந்தரவு இருக்காது. உண்மையில் எல்லாவற்றையும் செய்வது கம்ப்யூட்டர். சிவப்புப் பொத்தானுக்கு அந்தப் பக்கம் எதுவுமே இல்லை.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் இந்த மனிதர் மட்டும் அதை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. "பாவம், அவரும் பிள்ளைகுட்டிக்காரரா இருப்பாரு" என்பார். எல்லோரும் அவரைச் சாது என்றுதான் கூப்பிட்டார்கள். "இவரை வச்சுக்கிட்டு நான் கோபத்தை எங்க போய் அளக்கிறது?" என்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரே தலையில் அடித்துக்கொண்டு சிரித்ததுண்டு.

சாது மாத்திரையை விழுங்கினார், ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அவள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏசியின் ஓயாத முனகல், தரை துடைத்த மருந்தின் நெடி, ஜன்னலே இல்லாத அந்த நிலவறையில் வெளியே வெயிலா மழையா என்று காட்டிக்கொடுக்காத வெள்ளை வெளிச்சம், எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தன. சாதுவின் கை மெல்ல நகர்ந்து சிவப்புப் பொத்தானை அமுக்கியது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மறுபடியும் அமுக்கினார். மறுபடியும். பிறகு கட்டைவிரலை எடுக்கவே இல்லை. முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை. குழந்தைக்குச் சோறூட்டுகிறவனின் முகம் அது, அத்தனை பொறுமை. அவர் விரல் அழுந்தியிருந்த நேரமெல்லாம் ஏசி முனகலுக்கு அடியில் இன்னொரு முனகல் கேட்பது போல அவளுக்குப் பட்டது. குழாயாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். குழாய்க்கு விக்கல் வருமா?

டாக்டருக்கு போன் போட்டாள்.

"சாது பொத்தானை விட மாட்டேங்கிறாரு டாக்டர்."

"கோபமா இருக்காரா?"

"இல்ல. அதான் பயமா இருக்கு."

"சரி, நிறுத்திடும்மா. அங்க ஆளே இல்லைங்கிற உண்மையைச் சொல்லிடு. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு முதல் அறைக்குப் போனாள். எல்லாம் கம்ப்யூட்டர் வேலை, பொய் சொன்னதற்கு மன்னிச்சுக்குங்க என்று அவள் சொல்லி முடிக்கும்வரை சாது கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"நீ இப்படித்தான் சொல்லுவேன்னு சொன்னாம்மா."

"யாரு?"

"உள்ள இருக்கிறவ. இங்க ஆளே இல்லைன்னு என்னைப் பத்தியும் அவகிட்ட நீதான் சொன்னியாம்."

மாத்திரை பேசுகிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். "வாங்கண்ணா, கண்ணாலயே பாத்துடுங்க" என்று சாவியை எடுத்தாள். அவர் பூனை மாதிரி பின்னாலேயே வந்தார்.

கதவைத் திறந்து, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு விளக்கைப் போட்டாள். மேசை. நாற்காலி. தூசி படிந்த திரை. எதிலும் செருகாமல் வால் தொங்கிக் கிடந்த ஒரு ஹெட்போன். கண்துடைப்புக்கு வைத்த ஒரு சிவப்புப் பொத்தான். ஆள் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. இரண்டடி உள்ளே போய், "பாத்தீங்களாண்ணா?" என்று திரும்பினாள்.

கதவு மூடிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல். வெளியே சாவி திரும்பியது.

"அண்ணா!"

செருப்புச் சத்தம் முதல் அறைக்குள் போனது. நாற்காலி இழுபட்டது.

"அண்ணா, விளையாடாதீங்க! டாக்டர் வந்துடுவாரு!"

அப்போது சத்தம் வந்தது.

வால் தொங்கிய ஹெட்போனிலிருந்து. தகரத்தைக் கிழிக்கும் அதே சத்தம். காதைப் பொத்தினாள். கைக்குள்ளும் கேட்டது. பல்லுக்குள். கண்ணுக்குப் பின்னால். ஹெட்போனைச் சுவரில் அடித்தாள், உடைந்தது. சத்தம் உடையவில்லை. நின்றது. வந்தது. இன்னும் பெரிதாக.

சிவப்புப் பொத்தான்.

அமுக்கினால் கொஞ்ச நேரம் தொந்தரவு இருக்காது.

"மாட்டேன்" என்றாள் சத்தமாக. தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. வீட்டில் மகளிடம்கூடக் குரலை உயர்த்தாதவள் அவள். மாத்திரை எதையும் விழுங்காதவள்.

அமுக்கினாள்.

அமைதி. அப்பாடா என்று கண்ணை மூடினாள்.

அழுகை கேட்டது.

சாது இருந்த பக்கத்திலிருந்து இல்லை. எதிர்ச்சுவரிலிருந்து. அந்தப் பக்கம் அறையே கிடையாது. கட்டடம் அங்கே முடிகிறது. அதற்கப்பால் வெறும் மண்.

மண்ணுக்குள்ளிருந்து யாரோ விக்கி விக்கி அழுதார்கள். சுவரைத் தட்டினார்கள். நகத்தால் பிறாண்டினார்கள்.

"யாரும்மா அந்தப் பக்கம்?" ஒரு பெண்குரல் கெஞ்சியது. "வலிக்குதும்மா. கையை எடும்மா."

அவள் கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. நகம் வெளுக்க அழுத்திக்கொண்டிருந்தது.

இங்கே எவ்வளவு அமைதியாக இருந்தது.

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.