மெல்லாத வாய்

காலையில் ஈரோட்டுத் தெருக்களில் நடந்தால், ஊரே எதையோ அரைத்துக்கொண்டிருப்பது போலக் கேட்கும். பேருந்துக்கு நிற்பவர்கள், கடை திறப்பவர்கள், பள்ளி வாசல் காவலர், எல்லோர் வாயிலும் மெல்கட்டை இருக்கும். தேங்காய்ச் சிரட்டைத் தூளும் சுண்ணாம்பும் சேர்த்து இறுக்கிய, விரல் நீளக் கட்டை அது. வளர்பல் வைத்தவர்கள் தினமும் அதை மென்றே ஆக வேண்டும். எலியின் பல்லைப் போல வளர்பல்லும் ஆயுள் முழுக்க வளரும். தேய்ந்த அளவுக்கு வளர்ந்துவிடுவதால் சொத்தை கிடையாது, ஆட்டம் கிடையாது. மெல்லாமல் விட்டால் மட்டும் வாய் மூடாது.

சபரீஷ் வளர்பல் வைத்துக்கொண்டது அவமானத்தால். சுற்றுவட்டாரத்தில் எங்கே கபடி நடந்தாலும் மைக் அவர் கையில்தான். பெருந்துறை இறுதி ஆட்டத்தில் "புடிச்சுட்டான்டா!" என்று கத்தியபோது அவருடைய கட்டுப்பல் எகிறிப் போய்க் களத்து மண்ணில் விழுந்தது. ஆட்டக்காரன் ஒருவன் அதைப் பொறுக்கி உயர்த்திக் காட்டினான். கூட்டம் சிரித்து ஓய வெகுநேரமானது. அதன்பின் அவர் வெளியே போகவில்லை. மனைவி கிருத்திகாவிடம்கூட வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசினார்.

அவள்தான் அவரைப் பல் டாக்டர் இனியாளிடம் அழைத்துப் போனாள்.

"முழு வாய்க்கும் ஒரே தடவைல பண்ணிடலாம்," என்றார் டாக்டர். "பழைய பல்லெல்லாம் எடுத்துட்டு, தாடைக்குள்ள பல்விதை ஊன்றுவோம். முளைச்சதுக்கப்புறம் தினமும் மெல்லணும். அவ்வளவுதான்." பேச்சுக்கு நடுவே அவரும் மென்றுகொண்டிருந்தார்.

"நீயும் வெச்சுக்க புள்ள," என்றார் சபரீஷ். "நான் மட்டும் கரும்பு கடிச்சா நல்லாவா இருக்கும்?"

கிருத்திகாவுக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள்தான் கெட்டிருந்தன. அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்ததால் சரி என்றாள். நல்ல பற்களும் சேர்ந்தே போயின.

சில வருடங்கள் இருவரும் சந்தோஷமாகவே இருந்தார்கள். கரும்பு கடித்தார்கள், எலும்பு உடைத்தார்கள். சபரீஷின் குரல் மறுபடி மைதானங்களில் முழங்கியது. பிறகு கோபி மைதானத்தில் ஓர் ஆட்டத்தின் நடுவே அவர் கையிலிருந்து மைக் நழுவியது. மூளையில் ரத்தம் கட்டிவிட்டது. உயிர் பிழைத்தது, கண் மட்டும் அசைந்தது. ஒருமுறை இமைத்தால் ஆமாம், இருமுறை இமைத்தால் இல்லை. மூக்கு வழியாகக் குழாயில் சாப்பாடு.

ஒரு நாள், வீட்டோடு இருந்து அவரைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் ஓடி வந்து, "அம்மா, ஐயா சிரிக்கறாருங்க!" என்றாள். கிருத்திகா போய்ப் பார்த்தாள். உதடுகள் விலகி, பல்வரிசை பளிச்சென்று தெரிந்தது. சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார். அதற்கு அடுத்த நாள்தான் அவளுக்குப் புரிந்தது.

"எடுத்துருங்க டாக்டர்," என்றாள் இனியாளிடம்.

"பல்லை மட்டும் எடுக்க வராதுங்க. வேரு தாடை எலும்போட பின்னிக்கும். கீழ்த்தாடையையே எடுக்கணும், மேல அண்ணம் வரைக்கும் சுரண்டணும். அதுக்குக் குடுக்கற மயக்க மருந்தை இவரோட இதயம் தாங்காது. நீங்க தினமும் அரத்தால அராவிவிடுங்க."

"வலிக்குமுங்களா?"

டாக்டர் வாயிலிருந்து கட்டையை எடுத்தார். "மெல்லற பல்லுல நரம்பு உள்ளயே அடங்கிக் கிடக்கும். மெல்லாத பல்லுல அது நுனி வரைக்கும் வந்துரும். நாங்க வளர்த்த நரம்புங்க அது. மரத்துப்போற ஊசி அதுல ஏறாது."

"அராவாம உட்டா?"

"கீழ்ப்பல்லு அண்ணத்தைக் குத்திட்டு மேல ஏறும்."

"இதையெல்லாம் அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்போம். யாரும் கேக்கறதில்ல. உடம்பு நல்லா இருக்கறப்ப எடுத்துரலாம்தான். ஆனா நல்லா இருக்கறவங்க எதுக்குங்க எடுக்கப் போறாங்க?"

வீட்டில் கிருத்திகா அரத்தைப் பிடித்தாள். முதல் இழுப்பிலேயே அவர் கண்கள் மேலே செருகின. ஒவ்வொரு பல்லுக்கும் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "நிறுத்திரட்டுங்களா?" என்று கேட்டாள். ஒருமுறை இமைத்தார். நிறுத்தினாள். சில நாட்களில் அண்ணம் கிழிந்து ரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. "மறுபடி அராவட்டுங்களா?" என்றாள். வெகுநேரம் அவளையே பார்த்திருந்துவிட்டு ஒருமுறை இமைத்தார்.

அவர் பல்லை அராவும்போது அவள் வாயிலும் மெல்கட்டை இருக்கும். ஒரு நாள் அதை மெல்வது பிடிக்காமல் துப்பினாள். நாளைக்குத் தனக்கு இப்படி ஆனால் அரம் பிடிக்க யார் இருக்கிறார்கள்? பிள்ளை இல்லை. இருந்த ஒரே அக்காவும் இறந்துவிட்டாள்.

"எனக்கு எடுத்துருங்க," என்றாள் டாக்டரிடம்.

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லையேங்க. முகமே போயிரும். பேச்சும் வராது."

"அதனாலென்னங்க. இப்பவே எடுத்துருங்க."

சபரீஷிடம் அவள் சொல்லவில்லை. ஊருக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி, நர்ஸைத் துணைக்கு வைத்துவிட்டுப் போனாள்.

காயம் ஆறி அவள் வெளியே வந்தபோது, மருத்துவமனை முன்கூடத்தில் நடுவயதுத் தம்பதி ஒன்று வளர்பல்லுக்காகக் காத்திருந்தது. மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லாமல் கழுத்தோடு இறங்கிய அவள் முகத்தைப் பார்த்தார்கள். கிருத்திகா அவர்கள் முன்னால் நின்றாள். என்ன ஆச்சு என்று கேட்டால் எழுதிக் காட்டலாம் என்று கைபேசியை எடுத்தாள். இருவரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

வீட்டில் கட்டிலருகே போய் முகத்துணியை எடுத்தாள். சபரீஷின் பார்வை அவள் நெற்றியிலிருந்து இறங்கி, தாடை இருந்த இடத்தில் நின்றது. பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

அவள் எழுதினாள். கைபேசி யாரோ ஒரு பெண்ணின் கலகலப்பான குரலில் படித்தது: "எனக்கு அராவிவிட யாருமில்லீங்க. அதுக்குப் பயந்துதான். உங்க மேல சத்தியமா வேற ஒண்ணுமில்ல. கோபமுங்களா? ஒருக்கா கண்ணைத் தொறந்து மூடுங்க."

அவர் திறக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அடுத்து வந்த நாட்களிலும் இல்லை. பற்கள் மட்டும் வளர்ந்தன. அவள் அராவினாள். மூடிய இமைகளின் ஓரத்தில் நீர் வழிந்தது.

"நீங்க வெளிய போனா கண்ணைத் தொறந்துக்கறாருங்கம்மா," என்றாள் நர்ஸ் தயங்கித் தயங்கி. "உங்க காலடிச் சத்தம் கேட்டதும் மூடிக்கறாரு."

கிருத்திகா தலையாட்டினாள். அரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு, காலடிச் சத்தம் கேட்கும்படி உள்ளே போனாள்.