திரைக்கு அடங்காத பச்சை

"ஏங்க... கண்ணு தெரியலையா? அது நாத்தங்கால்!"

குந்தவை வரப்பில் ஓடி வந்தாள். அவளுடைய நாற்றுகளின் நடுவே, முழங்கால் சேற்றில், கேமராவும் கையுமாக ஒருவன் நின்றிருந்தான்.

"கண்ணுக்கு நல்லாத் தெரியுதுங்க. கேமராவுக்குத்தான் தெரிய மாட்டேங்குது..."

சொல்லிக்கொண்டே திரும்பினான். ஓரிடத்தில் நில்லாத கண்கள்... அவள்மேல் பட்டதும் நின்றன. திட்ட வாயெடுத்தவளுக்கு வார்த்தை மறந்துபோனது.

பெயர் மதிவாணன். பெங்களூரில், டிவி படங்களின் நிறத்தை ஆராயும் வேலை.

"டிவிக்குப் போற சிக்னல்ல எல்லா நிறத்துக்கும் இடமில்லைங்க. வெயில் ஊடுருவுற இந்த இளம்பச்சை எல்லைக்கு வெளியே நிக்குது. அந்த எல்லையைத்தான் தள்ளி வைக்கப் பாக்குறோம்."

"அதுக்கு என் நாத்தை மிதிக்கணுமா?"

"தப்புதாங்க. இனிமே வரப்பை விட்டு இறங்க மாட்டேன்."

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். பக்கத்து ஒரத்தநாட்டில் அறை எடுத்திருந்தான். தூறல் விழுந்தால் மோட்டார் கொட்டகைக்குள் இருவரும் ஒதுங்குவார்கள். அப்படி ஒரு தூறலில், ஒரே காட்சியை இரண்டு விதமாகக் கேமராத் திரையில் காட்டினான். இடப்பக்கம், இப்போது டிவியில் வருகிற வெளுத்துப்போன பச்சை. வலப்பக்கம்... இப்போதுதான் முளைத்தது போல உயிருள்ள பச்சை!

"அய்யோ... இது எங்க நாத்தேதான்!"

குனிந்தவளின் கூந்தல் ஈரம் அவன் கையில் சொட்டியது. கேமராவை அணைத்தான். உடனே மறுபடி போட்டான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை.

"இன்னும் நல்லா வரணும்," என்றான், வானத்தைப் பார்த்தபடி. "வெயில் சரியில்ல... நாத்துப் பறிக்கிறதை ஒரு நாள் தள்ளிப் போடுங்களேன்."

"முடியாதுங்க. வாய்க்கால்ல எங்க முறைத் தண்ணி நாளைக்குத்தான் வரும். நடவு ஆளுங்க வராங்க."

"ஒரு நாள்தானே... வயல் எங்க ஓடிடப் போகுது?"

சுருக்கென்றது அவளுக்கு. அக்ரி படித்துவிட்டு, பிடிவாதமாக இந்த மண்ணில் நிற்பவள்.

"உங்களுக்கு இது நிறம். எங்களுக்குச் சோறு. நீங்க கிளம்புங்க!"

அவன் முகம் சிவந்தது. கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் குந்தவைக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள்.

"என்னம்மா, எதைத் தேடுற?" என்றார் அப்பா நடராசன்.

"ஒண்ணுமில்லப்பா..."

போகச் சொன்னால் போய்விடுவதா? சண்டையாவது போடக்கூடாதா அந்த மனுஷன்?

காலையில் நாற்றுப் பறி தொடங்கியது. பளீரென்று வெயில். வரப்பில் மட்டும் ஆளில்லை. பத்து மணிக்குள் பத்துத் தடவை ரோட்டைப் பார்த்துவிட்டாள். கடைசியில், "அந்த மூலையை மட்டும் விட்டுருங்கக்கா," என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டில், பையோடு நின்றிருந்தான் அவன். தஞ்சாவூர் பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"ஒரு மூலை... இன்னும் பறிக்கல," மூச்சு வாங்கியது அவளுக்கு. "வெயில் வந்திருக்கு. வந்து எடுத்துக்கங்க."

மதிவாணன் தலையைக் குனிந்தான்.

"வேண்டாங்க. எனக்கு வேணுங்கிற படம்... முதல் நாளே கிடைச்சிடுச்சு."

"என்னது? அப்ப ஏன் ஒரு நாள் தள்ளச் சொன்னீங்க?"

"நாத்தைப் பறிச்சிட்டா... அப்புறம் எந்தச் சாக்கை வச்சு உங்க வயலுக்கு வருவேன்? உங்களைப் பிடிச்சிருக்குங்க... அதைச் சொல்லத் தெரியாமத்தான் என்னென்னமோ உளறிட்டேன்."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. அவன் ஏறவில்லை.

குந்தவை ஸ்கூட்டி சாவியைத் திருகிக்கொண்டே இருந்தாள். கன்னம் சுட்டது.

"ஆளுங்க எல்லாத்தையும் பறிக்கத்தாங்க இருந்தாங்க," என்றாள் மெல்ல. "நான்தான்... அந்த மூலையை விடச் சொன்னேன். எனக்கும் ஒரு சாக்கு வேணுமில்ல?"